தோஹாவில் இரண்டு முறை

செஞ்சிக்காரர்களிடம் வரலாறு கேட்டால் தேசிங்கு ராஜாவில்தான் ஆரம்பிப்பார்கள். குதிரை, நண்பன், இளம் மனைவி, போர், சாவு. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் அந்தப் போர் எதற்காக வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தடுமாறுவார்கள். வந்தது ஒரு காகிதத்தால்.

தேசிங்கின் அப்பா சொரூப் சிங்குக்கு செஞ்சியைக் கொடுத்தது ஔரங்கசீப். அதற்கு ஃபர்மான் இருந்தது. 1714இல் அப்பா செத்ததும் மகன் வந்து கோட்டையில் உட்கார்ந்தான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் ஆட்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, கப்பம் பல வருஷமாகப் பாக்கி. இரண்டு, இப்போதைய பாதுஷா புதுப்பித்துக் கொடுக்காதவரை அந்த ஃபர்மான் உனக்குச் செல்லாது. தேசிங்கு அப்பாவின் ஃபர்மானைக் காட்டினான். செல்லாது என்றார்கள். அக்டோபரில் சங்கராபரணி ஆற்றங்கரையில் சண்டை நடந்தது. ஆளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பார்கள்.

நிர்வாக ரீதியாகப் பார்த்தால் நவாப் பக்கம்தான் சரி. விதி அப்படித்தான். கப்பம் பாக்கி வைத்தது அப்பா, ஃபர்மான் தருவது டெல்லி, வசூல் செய்வது ஆற்காடு. இத்தனை பேர் சேர்ந்து செய்த குழப்பத்துக்குக் கணக்கு தீர்த்தது மட்டும் இருபத்திரண்டு வயசுப் பையன். விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஊர் ஓட்டக்காரிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காகிதம்தான் ஞாபகத்துக்கு வருது.

விடிகாலையில் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில் பையன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் போலீஸ் செலக்‌ஷனுக்கு. 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் முடிக்கணும். இவர்களில் கொஞ்சம் வேகமாக ஓடுகிறவர்களுக்கு இன்னொரு வழி திறக்கும், அதுதான் கல்லூரி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல், மெஸ், பல்கலைக்கழக அணி, அப்புறம் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அங்கே மூன்றாம் இடத்துக்குள் வந்தால் கையில் ஒரு சர்டிபிகேட். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்குப் பேர் ஃபார்ம் 3. ஃபார்ம் 1 நாட்டுக்காக ஆடினவர்களுக்கு, ஃபார்ம் 2 மாநிலத்துக்காக, ஃபார்ம் 4 பள்ளி விளையாட்டுக்கு. ரயில்வே, வருமான வரி, சுங்கம், தபால் என்று எந்தக் கதவைத் தட்டினாலும் இந்தத் தாள்களில் ஒன்றைக் கேட்பார்கள். தமிழ்நாடு அரசும் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது.

ஆக, கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு 800 மீட்டர் என்பது மைதானத்தை இரண்டு முறை சுற்றுவது மட்டும் இல்லை. ஒரு நொடி குறைந்தால் குடும்பம் மேலே போகும், ஒரு நொடி கூடினால் திரும்பவும் செங்கல் சூளை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கணும்.

தமிழ்நாட்டுத் தடகள வரலாற்றில் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருக்கிறது. இரண்டு பெண்கள். இரண்டு பேரும் 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி ஒருத்தியின் ஊர், திருச்சி பக்கத்து முடிகண்டம் இன்னொருத்தியின் ஊர். இரண்டு பேரும் மெடல் வாங்கியது கத்தார் நாட்டுத் தோஹாவில், பதின்மூன்று வருஷ இடைவெளியில். இரண்டு மெடலும் பறிபோனது. காரணங்கள் மட்டும் முற்றிலும் வேறு. அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏன்னா ஊரில் பலரும் குழப்பித்தான் பேசுகிறார்கள்.

முதலில் சாந்தி சௌந்திரராஜன். 1981இல் பிறந்தவர், அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள், தலித் குடும்பம். புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஓடி மேலே வந்தவர். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளத்தில் வெள்ளி. 2006 டிசம்பர் 9, தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி மறுபடி வெள்ளி. தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு.

அதற்குப் பிறகுதான் அவரைக் கூப்பிட்டு ‘டெஸ்ட்’ என்றார்கள். பாலினச் சோதனை. அறைக்குள் மருத்துவர்கள். என்ன சோதனை, எதற்கு, முடிவு என்னவாக இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். முடிவு அவருக்கு வந்து சேர்ந்தது டிவி செய்தி வழியாக. ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்று நாடு முழுக்க ஓடியது. கத்தக்குறிச்சி வீட்டிலும் அதே டிவிதான்.

‘தோல்வி’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சாந்தி எந்த மருந்தும் எடுக்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்தாள் என்று வளர்க்கப்பட்டு, பெண்ணாகவே வாழ்ந்து, பெண்கள் ஓட்டத்தில் ஓடியவர். பிறவியிலேயே சிலருக்கு க்ரோமோசோம் ஒன்றும் உடல் வேறொன்றுமாக அமைவது உண்டு. பலருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும். இந்தச் சிக்கல் விளையாட்டு அமைப்புகளுக்கு நன்றாகத் தெரியும். எல்லாப் பெண்களையும் கட்டாயமாகச் சோதிக்கும் முறையை உலகத் தடகள அமைப்பு 1990களின் தொடக்கத்திலேயே கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999இல் நிறுத்தியது. காரணமே, அந்தச் சோதனை ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்காமல் அப்பாவிகளை மட்டும் அவமானப்படுத்துகிறது என்பதுதான். ஆனால் ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்ற வாசல் மட்டும் திறந்தே இருந்தது. சந்தேகம் யாருக்கு வரலாம், எப்படி வரலாம், முடிவை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? மருத்துவ ரகசியம் என்று ஒன்று சாதாரண ஆஸ்பத்திரியில்கூட உண்டு. ஒரு நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு போன பெண்ணுக்கு அது இல்லாமல் போச்சு.

மெடலைத் திருப்பி வாங்கினார்கள். இனிமேல் ஓடக் கூடாது என்றார்கள். இந்திய அதிகாரிகள் மேல்முறையீடு பற்றிப் பேசவே இல்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி அரசு மட்டும் அறிவித்த 15 லட்சத்தை நிறுத்தாமல் கொடுத்தது, கூடவே ஒரு டிவியும். (எந்தப் பெட்டி வழியாகச் சேதி வந்ததோ அதையே பரிசாகக் கொடுத்தது கொடுத்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.) சாந்தி மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றினார்கள். பிறகு எழுந்து, கிடைத்த பணத்தில் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். பணம் தீர்ந்தது. 2012இல் பத்திரிகைகள் அவரைத் திரும்பக் கண்டுபிடித்தபோது செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

இதில் விதி மீறல் எங்கே என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதுதான் விஷயம். அன்றைய விதிப்புத்தகப்படி சந்தேகத்தின் பேரில் சோதிக்கலாம், சோதித்தார்கள்; குழு கூடலாம், கூடியது; மெடலைப் பறிக்கலாம், பறித்தார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாகிவிட்டது.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கதை உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 தொடங்கி 2011 வரை பதினெட்டு வருஷம், வகுப்பே நடக்காத வகுப்புகள் நடந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும், நல்ல மதிப்பெண். 3,100 மாணவர்கள் அப்படிப் படித்ததாக 2014இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் கால்பந்து, கூடைப்பந்து மாதிரியான அணிகளில் ஆடியவர்கள். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு மூன்று வருஷம் யோசித்துவிட்டு 2017இல் சொன்ன தீர்ப்பு: அந்த வகுப்புகள் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இல்லாமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்ததால், எங்கள் விதி எதுவும் மீறப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகம் தப்பித்தது. பெரிய நிறுவனத்துக்கு விதியின் சந்து தெரியும், அதற்கு வக்கீல் இருக்கிறார். கத்தக்குறிச்சிக்கு யார் இருந்தார்?

வக்கீல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா பெர்லினில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது இதே சோதனை, இதே கசிவு. ஆனால் அவர் நாடு அவரைக் கைவிடவில்லை, மெடல் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த், பதினெட்டு வயதில், கிளாஸ்கோ காமன்வெல்த் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார். இந்த முறை உடனிருக்க ஆட்கள் இருந்தார்கள். விளையாட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த மன்றம், டெஸ்டோஸ்டிரோன் அளவை வைத்துப் பெண்களை ஒதுக்கும் விதியையே நிறுத்தி வைத்தது. இந்தியாவே மாறிவிட்டது போலத் தெரிந்தது. சாந்தியைப் பற்றியும் அப்போதுதான் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் டூட்டியின் கதையை அங்கேயே நிறுத்தினால் நாம் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் சொல்கிறோம் என்று அர்த்தம். 2022 டிசம்பரில் எடுத்த மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்துகள் இருந்ததாக முடிவு வந்து, அடுத்த ஆண்டு அவருக்கு நான்கு வருஷத் தடை. பிறவி உடலுக்காகப் போராடி ஜெயித்தவர் மருந்துக்காகத் தடை பெற்றார். இரண்டும் ஒரே ஆள். இரண்டும் வேறு வேறு வழக்கு.

இப்போது இரண்டாவது தோஹா.

கோமதி மாரிமுத்து. அப்பா விவசாயக் கூலி, புற்றுநோயில் இறந்துபோனார். திருச்சியில் கல்லூரிப் படிப்பு, அங்கிருந்து ஓட்டம், ஓட்டத்தால் பெங்களூரில் வருமான வரித் துறை வேலை. மேலே சொன்ன ஏணியை ஒழுங்காக ஏறி வந்தவர். 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி. கடைசி வளைவு வரை பின்னால் இருந்து, நேர்கோட்டில் பாய்ந்து, 2 நிமிடம் 2.70 நொடியில் தங்கம். முப்பது வயதில். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம். காலில் போட்டிருந்த ஷூ இரண்டும் வேறு வேறு நிறம். அது வறுமையா ராசியா என்று தமிழ்நாடே ஒரு வாரம் விவாதித்தது. கட்சிகளும் நடிகர்களும் லட்சக்கணக்கில் அறிவித்தார்கள். விமான நிலையத்தில் மாலை.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தோஹாவுக்கு முன்னாடியே, மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்ததாகச் செய்தி வந்தது. இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். மார்ச் 18இல் எடுத்த மாதிரியின் முடிவு ஏப்ரல் 22க்குள் வரவில்லை. வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார் என்று தடகளச் சம்மேளனமே குறைப்பட்டுக்கொண்டது. முடிவு தாமதமானதற்கு யாருக்காவது தடை உண்டா? கிடையாது. அதே 2019 ஆகஸ்டில் டெல்லியில் இருக்கும் தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை உலக அமைப்பு இடைநிறுத்தியது, தரம் போதவில்லை என்று. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலே ஒரு கூடம் ‘ஃபெயில்’ ஆகிக் கிடந்தது. அதை எந்த டிவியும் அப்படிப் போடவில்லை.

நான் மருந்து எதுவும் தெரிந்து எடுக்கவில்லை என்றார் கோமதி. சட்டம் அதைக் கேட்காது. ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படையே ‘உன் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீயே பொறுப்பு’ என்பது. யார் கொடுத்தார்கள், எதில் கலந்தது, உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம்; அதையும் நீதான் நிரூபிக்கணும். 2020இல் நான்கு வருஷத் தடை உறுதியானது. 2019 மார்ச்சிலிருந்து மே வரை அவர் ஓடிய எல்லா ஓட்டமும் அழிக்கப்பட்டது. தோஹா தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது.

நான் இந்த விதியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ‘தெரியாது’ என்று சொன்னால் விடுவிக்கலாம் என்றால் நாளைக்கே எல்லாருக்கும் தெரியாமல் போய்விடும். வாங் சுன்யூவும் ஒரு ஓட்டக்காரிதான், அவரும் அப்படித்தான் காலையில் எழுந்து ஓடியிருப்பார். இரண்டாம் இடத்தில் ஊசி போடாமல் நிற்கிறவளுக்கும் நியாயம் வேணும். என் சண்டை வேறு இடத்தில். உடம்பு அவளுடையது, சரி. அந்த உடம்புக்குள் என்ன போகிறது என்பதை முடிவு செய்கிறவர்கள் யார்?

2011இல் இது பட்டவர்த்தனமாக வெளியே வந்தது. 2010 டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பெண்களில் அஷ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கௌர் மூவரும் அடுத்த வருஷமே ஸ்டீராய்டில் மாட்டினார்கள். தேசிய முகாமில் இருந்த உக்ரைன் கோச் யூரி ஓகோரோத்னிக் சீனாவில் வாங்கிவந்து கொடுத்த ஜின்செங்கில்தான் கலந்திருந்தது என்றார்கள். கோச்சை வேலையிலிருந்து நீக்கினார்கள், அவர் ஊருக்குப் போய்விட்டார். பெண்களுக்கு முதலில் ஒரு வருஷம், பிறகு சர்வதேச மன்றம் இரண்டு வருஷமாக ஆக்கியது. விசாரித்த நீதிபதி முகுல் முத்கல் கமிட்டி, தடை செய்யப்பட்ட பொருட்களைப் பற்றி வீரர்களுக்கு உருப்படியாகச் சொல்லித்தர ஆளில்லை என்பதையும் குறையாகச் சுட்டியது.

தேசிய முகாமிலேயே இப்படி என்றால் மாவட்டக் கல்லூரி மைதானத்தில்? கோச் ‘சத்து மாத்திரை’ என்று கொடுத்தால் ‘இதில் என்ன இருக்கு சார்?’ என்று கேட்கும் தைரியம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே அவரை நம்பியிருக்கும் பெண்ணுக்கு வருமா? நம்ம ஊரில் சாரிடம் அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை. அப்பாவுக்கு அடுத்து சார். ஃபார்ம் 3 தாளை எடுத்துப் பாருங்கள்: மாணவர் பெயர், பல்கலைக்கழகம், போட்டி, தேதி, பெற்ற இடம், கீழே விளையாட்டுத் துறைத் தலைவரின் கையெழுத்து, அவர் நேரில் போட்டால்தான் செல்லும் என்ற குறிப்பு. பயிற்சி கொடுத்தவருக்கு அதில் ஒரு வரி கிடையாது. பெருமையிலும் இல்லை, பொறுப்பிலும் இல்லை.

கோமதிக்குப் பிறகும் நிற்கவில்லை. திருச்சியிலிருந்தே வந்த எஸ். தனலட்சுமி 2021 மார்ச்சில் 200 மீட்டரை 23.26 நொடியில் ஓடி, பி.டி. உஷாவின் 23 வருஷப் போட்டிச் சாதனையை முறியடித்தார். டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இடம். அடுத்த வருஷமே ஸ்டீராய்டு, மூன்று வருஷத் தடை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்தது சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். கழிப்பறையில் ஊசிகள் கிடக்கும் வீடியோ பரவியது, சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் மறைந்துபோனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். தனியாக ஓடி ஜெயித்தார்.

சிரித்துவிட்டு எண்களைப் பார்க்கலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன, 213இல் தடை மருந்து. 2024இல் 7,113இல் 260. அதிகம் சோதிக்கும் நாடுகளில் நம்ம சதவீதம்தான் மேலே நிற்கிறது. நிறையச் சோதித்தால் நிறையப் பிடிபடும் என்று அதிகாரிகள் சமாதானம் சொல்கிறார்கள். நம்மைவிடப் பல மடங்கு சோதிக்கிற சீனாவில் சதவீதம் ஒன்றுக்கும் கீழே இருக்கும்போது அந்தச் சமாதானம் எடுபடவில்லை. 2022இல் நாடாளுமன்றம் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பயிற்சியாளர், மருத்துவர் போன்ற துணை ஆட்களும் வருகிறார்கள். தடைப் பட்டியலில் வருவது பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெயர்கள்தான்.

சாந்திக்கு 2016இல் தமிழ்நாடு அரசு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. அதற்கு முன்னால் பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்திருந்தார். மெடல் திரும்பி வரவில்லை. கோமதியின் தடை 2023 மே மாதம் முடிந்தது. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும், 1990களில் கைவிட்ட அந்தச் சோதனையைப் புது ரூபத்தில், வாழ்க்கையில் ஒரு முறை, கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்தோ ரத்தம் கொடுத்தோ செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒய் க்ரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள்.

2006 ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர் முடிவுகளை இப்போது தேடினால் வெள்ளிக்கு நேராகக் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவா பெயர் இருக்கும்.